எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள்: சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்புக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேச சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பின் வானியலாளர்களுக்கும், அதன் அறிவிப்புகளை எழுதி வெளியிடும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

2025 ஜனவரி 29 அன்று நீங்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டீர்கள். 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதும் வாய்ப்பு 1 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்பது அதன் சாரம். பத்து மீட்டருக்கு மேற்பட்ட எந்தப் பாறை அந்த வரம்பைத் தாண்டினாலும் அறிவித்தாக வேண்டும் என்பது நீங்களே வகுத்துக்கொண்ட விதி. அதன்படி நடந்துகொண்டீர்கள். பீதி கிளம்பிவிடுமே என்று மூடி வைக்கவில்லை. அதற்கு முதலில் நன்றி.

அடுத்த நான்கு வாரங்களில் நடந்ததுதான் இந்த மடலை எழுத வைத்தது. எண் ஏறிக்கொண்டே போனது. பிப்ரவரி 18 அன்று நாசாவின் கணக்கில் 3.1 விழுக்காடு. ஐரோப்பிய விண்வெளி முகமையின் உச்சக் கணக்கு 2.8. மறுநாள் நாசாவின் எண் 1.5க்கு இறங்கியது. பிப்ரவரி 24 வாக்கில் 0.004. ஏறியபோது ஒவ்வொரு படியும் தலைப்புச் செய்தி ஆனது. இறங்கியபோது பலர் "அப்பாடா" என்றார்கள். வேறு சிலர் "முதலில் மிரட்டினார்கள், இப்போது மாற்றிப் பேசுகிறார்கள்" என்றார்கள். இரண்டாவது கூட்டம் சிறியதல்ல. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கையில் கிடைத்தது ஓர் எண் மட்டும்; அது ஏன் ஏறுகிறது, ஏன் சட்டென்று விழும் என்பதை அந்த எண்ணோடு சேர்த்து யாரும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை.

உங்களுக்கு அது முதல் நாளே தெரியும். அதுதான் என் முறையீடு.

தெரியும் என்று எதை வைத்துச் சொல்கிறேன்? கணக்கு நடக்கும் விதத்தை வைத்துத்தான். 2024 ஒய்ஆர்4ஐ 2024 டிசம்பர் 27 அன்று கண்டுபிடித்தது சிலி நாட்டில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி. அந்தத் தொலைநோக்கிகள் வானத்தின் ஒரு பகுதியை ஒரே இரவில் நான்கு முறை, ஒவ்வொன்றும் 30 நொடி, படம் பிடிக்கின்றன. நான்கு படங்களையும் அடுக்கிப் பார்த்தால் விண்மீன்கள் அசையாமல் நிற்கும். ஒரு புள்ளி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கும். அந்தப் புள்ளியும் கூர்மையான புள்ளி அன்று, சில படத்துணுக்குகளில் (பிக்சல்களில்) பரவிய மங்கல் வெளிச்சம். அதன் நடு எங்கே என்று பக்கத்து விண்மீன்களை வைத்து அளக்கிறார்கள். அந்த அளவையில் எப்போதும் மிகச் சிறிய பிழை இருக்கும். இன்றைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதே பாதையை எட்டு ஆண்டுகள் முன்னோக்கி ஓட்டிப் பார்த்தால், அந்தச் சின்னப் பிழை லட்சக்கணக்கான கிலோமீட்டராக நீண்டுவிடும்.

அது எல்லாத் திசையிலும் சமமாகப் பெருகுவதில்லை. பாறை எந்தப் பாதையில் வருகிறது என்பது ஓரளவு நன்றாகவே தெரிந்துவிடுகிறது. அந்தப் பாதையில் எப்போது வந்து சேரும் என்பதில்தான் தடுமாற்றம். பூமி நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது; தன் விட்டத்தின் அளவு நகர்ந்து செல்ல அதற்கு ஏழு நிமிடம் போதும். ஆக, எட்டு ஆண்டுக்குப் பிறகு வரப்போகும் ஒரு பாறை குறிப்பிட்ட ஏழு நிமிட இடைவெளிக்குள் வருமா, முன்னே பின்னே வருமா என்பதுதான் கேள்வி. விடை தெரியாதவரை, பாறை இருக்கக்கூடிய இடங்கள் எல்லாம் சேர்ந்து ஒடுங்கிய நீளமான ஒரு பட்டையாக விண்வெளியில் கிடக்கின்றன. பூமி அந்தப் பட்டைக்குள் விழுந்தால், பட்டையில் பூமி அடைக்கும் பங்குதான் நீங்கள் வெளியிடும் விழுக்காடு.

எளிமைக்காக, பட்டை பத்து லட்சம் கிலோமீட்டர் நீளம் என்றும், அதில் எங்கு இருக்கவும் சம வாய்ப்பு என்றும் வைத்துக்கொள்வோம். பூமியின் விட்டம் கிட்டத்தட்ட 13,000 கிலோமீட்டர். வாய்ப்பு 1.3 விழுக்காடு. புதிய படங்கள் வருகின்றன, பட்டை பாதியாகிறது. பூமி மிச்சமிருக்கும் பாதியில் மாட்டிக்கொண்டால் எண் 2.6. மற்றப் பாதியோடு வெளியே போய்விட்டால் சுழியம். இரண்டுக்கும் சம வாய்ப்பு, சராசரி அதே 1.3. கணக்குத் தெரிந்த ஒருவர் "எண் ஏறும் என்று தெரிந்தால் இப்போதே ஏற்றிச் சொல்ல வேண்டியதுதானே?" என்று மடக்கினால், பதில் இதுதான்: ஏறுவதும் விழுவதும் இன்றைய எண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. 2.6, 5.2, 10.4 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஆறு முறை பாதியான பிறகும் பூமி உள்ளேயே இருந்தால்தான் எண் 83ஐத் தொடும். இடையில் எந்தப் படியில் வேண்டுமானாலும் அது சுழியத்துக்கு விழலாம். உண்மையான பட்டையில் நடுவில் அடர்த்தியும் ஓரங்களில் மெலிவும் இருப்பதால் வீழ்ச்சி ஒரே அடியாக வராது. பூமி பட்டையின் ஓரத்தைத் தொடும்போது எண் சரியத் தொடங்கும். பிப்ரவரி 19 அன்று 1.5 ஆனது அந்த ஓரம்தான்.

ஆகவே 1 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காட்டுக்கு ஏறியதால் பாறை நம்மை நோக்கித் திரும்பிவிடவில்லை. பாறை தன் போக்கில்தான் போய்க்கொண்டிருந்தது. மாறியது, நமக்குத் தெரியாதவற்றின் அளவு.

இதை உங்களில் பலர் நேர்காணல்களில் பொறுமையாக விளக்கினீர்கள், மறுக்கவில்லை. ஆனால் விளக்கம் தனியாக, எண் தனியாகப் பயணம் செய்தன. எண்ணுக்கு வேகம் அதிகம். நான் கேட்பது ஒன்றுதான்: அறிவிப்பின் முதல் பத்தியிலேயே எண்ணுக்குப் பக்கத்தில் அதன் போக்கையும் எழுதுங்கள். "இந்த எண் வரும் வாரங்களில் இன்னும் உயரலாம், உயர்ந்தால் அதனாலேயே ஆபத்து நெருங்கிவிட்டது என்று பொருளில்லை, பெரும்பாலும் இது சுழியத்துக்கு வரும், அடுத்த முக்கியமான தரவு இன்ன தேதி வாக்கில் கிடைக்கும்." நான்கு வரி. கடைசி வரி மிக முக்கியம். பிப்ரவரி 12 முழு நிலவு. அந்த வெளிச்சத்தில் மங்கலான பாறையைப் பார்ப்பது கடினம், இருட்டு திரும்பியதும் புதிய அளவைகள் வரும், அப்போது எண் நகரும் என்பது நாட்காட்டியைப் பார்த்தே சொல்லக்கூடியது. அந்தத் தேதியை முன்கூட்டியே சொல்லியிருந்தால் மக்கள் காத்திருந்திருப்பார்கள். காத்திருக்கத் தெரிந்தவர்கள்தான், தேர்தல் முடிவுக்கும் பரீட்சை முடிவுக்கும் தேதி பார்த்துக் காத்திருப்பவர்கள்தான்.

இது புதிய பாடமும் இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. 1998 மார்ச் 11 அன்று 1997 எக்ஸ்எஃப்11 என்ற சிறுகோள் 2028இல் பூமிக்கு ஏறத்தாழ 46,000 கிலோமீட்டர் தொலைவில் வரும், மோதலையும் முழுமையாகத் தள்ளிவிட முடியாது என்று ஓர் அறிவிப்பு வந்தது. மறுநாளே 1990இல் எடுத்த பழைய படங்களில் அதே பாறை சிக்கியது. தொலைவு 9 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. அந்தச் சங்கடத்துக்கு அடுத்த ஆண்டில்தான், 1999இல், வானியலாளர் ரிச்சர்ட் பின்ஸல் உருவாக்கிய, மோதல் அபாயத்தை 0 முதல் 10 வரையிலான படிகளில் சொல்லும் டொரினோ அளவுகோல் ஏற்கப்பட்டது. 2005இல் அதன் சொற்களே திருத்தப்பட்டன. மஞ்சள் நிறப் படிகளுக்கு இருந்த 'கவலைக்குரியவை' என்ற பொருள்படும் தலைப்பை நீக்கி, 'வானியலாளர் கவனத்துக்குரியவை' என்று மாற்றினீர்கள். நல்ல மாற்றம். ஆனாலும் அந்த அளவுகோல் இன்றைய நிலையைத்தான் சொல்கிறது. நாளை என்ன ஆகும் என்று அதில் இடமில்லை. ஒய்ஆர்4 மூன்றாம் படியில் நின்றபோது "மூன்று" என்று மட்டும் கேள்விப்பட்டவர், பத்துக்கு இன்னும் ஏழு படிதானே என்று எண்ணினால் அது அவர் தவறா?

பலெர்மோ அளவுகோலைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அது உங்களுக்குள் பேசிக்கொள்ளும் கருவி. ஒரு பாறையின் அபாயத்தை, அந்தத் தேதி வரைக்கும் அதே அளவோ அதைவிடப் பெரியதோ வேறு ஏதாவது வந்து மோதக்கூடிய பொதுவான வாய்ப்போடு ஒப்பிட்டு, மடக்கைக் கணக்கில் சொல்கிறது. சுழியம் என்றால் இரண்டும் சமம். கழித்தல் 2 என்றால் நூறில் ஒரு பங்கு. நல்ல அளவுகோல், ஆனால் கழித்தல் எண்ணைக் காட்டி யாரையும் ஆறுதல்படுத்த முடியாது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் அபாயத்தின் மறுபாதி அதில்தான் இருக்கிறது. ஒய்ஆர்4இன் விட்டம் 40 முதல் 90 மீட்டர் என்று முதலில் சொன்னீர்கள். கேட்பவர் காதில் இது ஏதோ இரண்டு மடங்கு வித்தியாசம் போல விழும். விட்டம் இரண்டேகால் மடங்கானால் பருமன் பதினொரு மடங்குக்கு மேல் போகிறது. வேகம் ஒன்றே என்பதால் மோதும் ஆற்றலும் அப்படியே. ஒரு நகரத்தின் கண்ணாடிகள் நொறுங்குவதற்கும் நகரமே அழிவதற்கும் இடைப்பட்ட எல்லாம் அந்த '40 முதல் 90' என்ற சொற்றொடருக்குள் அடங்கிவிட்டன. ஏன் இவ்வளவு தடுமாற்றம்? தொலைநோக்கியில் தெரிவது பாறை திருப்பி அனுப்பும் சூரிய ஒளி மட்டுமே. கரி போன்ற பெரிய பாறையும் வெளுத்த சிறிய பாறையும் ஒரே பிரகாசம் காட்டும். பாறை தானே வெளிவிடும் வெப்பத்தை அகச்சிவப்பில் பார்த்தால்தான் தெளிவு பிறக்கும். 2025 மார்ச் மாதம் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதைச் செய்தது. ஏறத்தாழ 60 மீட்டர் என்று வந்தது. 1908இல் சைபீரியாவின் துங்குஸ்காவில் சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் காட்டைச் சாய்த்த பாறையும் ஏறக்குறைய இதே வகை. 40, 60, 90 மீட்டர் என்று எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் என்ன நேரும் என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். படிப்பவர் தானே கன எண் போட்டுப் பார்க்க மாட்டார்.

என்ன நேரும் என்று எழுதினால் பயம் வரும் என்ற தயக்கம் இருக்கலாம். செல்யாபின்ஸ்கை நினைத்துப் பாருங்கள். 2013 பிப்ரவரி 15 காலை, ஏறத்தாழ 20 மீட்டர் பாறை ஒன்று ரஷ்ய வானில் வெடித்தது. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் பார்க்கவில்லை. வானம் பளிச்சென்று எரிந்ததும் மக்கள் என்ன செய்தார்கள்? நாம் எல்லோரும் செய்வதைத்தான்: சன்னலுக்கு ஓடினார்கள். ஒளி முதலில் வந்துவிட்டது. அதிர்வலை வந்து சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. வந்தபோது முகங்கள் கண்ணாடிக்கு நேரே இருந்தன. ஏறத்தாழ 1,500 பேர் காயமடைந்தார்கள். பெரும்பாலானவை கண்ணாடிச் சில்லு கிழித்த காயங்கள். "வானில் பெரிய வெளிச்சம் தெரிந்தால் சன்னலை விட்டு விலகித் தரையில் படுங்கள்" என்ற ஒற்றை வரி தெரிந்திருந்தால் அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் காலை உணவை முடித்திருப்பார்கள். இந்த வரியைக் கண்டுபிடிக்க விண்கலம் தேவையில்லை. அதைச் சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் சொல்லும் எச்சரிக்கையை எச்சரிக்கை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு தேதியையும் நினைவூட்ட வேண்டும். 2004 டிசம்பர் 27. அபோஃபிஸ் சிறுகோள் 2029இல் பூமியில் மோதும் வாய்ப்பு 2.7 விழுக்காட்டைத் தொட்ட நாள். டொரினோ அளவுகோலில் நான்காம் படி. அதற்கு முன்னும் பின்னும் வேறெந்தச் சிறுகோளும் அந்தப் படியை எட்டவில்லை. அதே ஆண்டு மார்ச் மாதத்துப் பழைய படங்களில் பாறை அகப்பட, 2029 மோதல் தள்ளுபடி ஆனது. எங்களில் யாருக்கும் அந்த எண் ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. முந்தைய நாள்தான் ஆழிப்பேரலை வந்திருந்தது. நாங்கள் பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அந்த அலையைப் பற்றியும் நீங்கள் அறிவீர்கள். நில அதிர்வைக் கருவிகள் சில நிமிடங்களிலேயே பதிவு செய்துவிட்டன. பசிபிக் எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்துக்குள் அறிக்கையும் அனுப்பிவிட்டது. வங்காள விரிகுடாவின் மேற்குக் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பு இல்லாததால், கருவிக்குத் தெரிந்தது கரையில் நின்றவருக்குத் தெரியாமலே போனது. இதை நான் சொல்வது பழையதைக் கிளற அன்று. ஒய்ஆர்4 விழுந்தால் எங்கே விழும் என்று நீங்கள் வெளியிட்ட பாதையில் கிழக்குப் பசிபிக், வடக்குத் தென்னமெரிக்கா, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல், தெற்காசியா என்று இருந்தது. அந்தக் கோட்டின் மேல் எத்தனை மொழிகள் பேசப்படுகின்றன! ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு அலுவல் மொழிகள் அதில் சிறு பகுதியைத்தான் தொடும். எங்கள் மொழிக்கு உங்கள் அறிவிப்பு வரவில்லை. அதைப் பற்றிய கூச்சல்தான் வந்தது. பாதை வரையும் அன்றே அந்தப் பாதையில் பேசப்படும் பெரிய மொழிகளில் ஒரு பக்கக் குறிப்பு தயாராக வேண்டும். மொழிபெயர்க்கத் தகுதியான வானியல் ஆர்வலர்கள் எங்கும் இருக்கிறார்கள், கூப்பிட்டால் கூலி கேட்காமல் வருவார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, உங்கள் பட்டியலில் இல்லாததைப் பற்றியும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சிறுகோள்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் கண்டுபிடித்தாகிவிட்டது. இது அடுத்த தலைமுறைகள் நன்றி சொல்ல வேண்டிய உழைப்பு. ஆனால் 140 மீட்டருக்கு மேற்பட்டவை சுமார் 25,000 இருக்கலாம் என்பது மதிப்பீடு. அவற்றில் பாதிகூட இன்னும் அகப்படவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் 2005இல் வைத்த இலக்கு, 2020க்குள் 90 விழுக்காடு. 40, 50 மீட்டர் அளவுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒய்ஆர்4ஐயே அது பூமியை 2024 டிசம்பர் 25 அன்று நெருங்கிக் கடந்து இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தோம். ஆக, அபாயப் பட்டியலில் எல்லாமே சுழியம் என்று காட்டும் நாளில், வானம் சுழியம் ஆகிவிடுவதில்லை. தெரிந்த பாறைகளுக்கான எண்ணோடு, தெரியாதவற்றுக்கான மதிப்பீட்டையும் அதே பக்கத்தில் போடுங்கள். சூரியன் பக்கத்திலிருந்து வருவனவற்றை அகச்சிவப்பில் தேட நாசா கட்டிவரும் நியோ சர்வேயர் விண்கலத்துக்கு ஏன் பணம் வேண்டும் என்பது மக்களுக்குப் புரிவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஏறி இறங்கும் விழுக்காட்டைப் பார்த்து அவர்கள் அதைப் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

வெளியிடாமல் இருந்துவிட்டால் என்ன, தெளிவான பிறகு சொல்லலாமே என்று உங்களுக்குள்ளேயே சிலர் நினைக்கக்கூடும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அளவைகள் எல்லாம் பொதுவெளியில் இருக்கின்றன. பீசா நகரிலிருந்து இயங்கும் நியோடிஸ் குழுவும், நாசாவும், ஐரோப்பிய முகமையும் தனித்தனியே கணக்கிட்டு ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. இந்த ஏற்பாட்டின் வலிமையே அதுதான். மறைத்தால் ஒரு வாரத்தில் வெளிவரும். அதன் பிறகு உண்மையான 83 விழுக்காடு வரும் நாளில் யாரும் நம்ப மாட்டார்கள்.

2029ஐ சிறுகோள் விழிப்புணர்வுக்கும் கோள் பாதுகாப்புக்குமான சர்வதேச ஆண்டாக ஐ.நா. பொது அவை அறிவித்திருக்கிறது. அந்த ஏப்ரல் 13 அன்று அபோஃபிஸ் பூமியின் தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டரில் கடக்கும். பல நாடுகளில் வெறும் கண்ணுக்கே தெரியும். மோதாது, 2021 ராடார் அளவைகளுக்குப் பிறகு அடுத்த நூறு ஆண்டுக்கும் அந்தப் பேச்சே இல்லை. இருந்தாலும் அன்று வெள்ளிக்கிழமை, தேதி பதின்மூன்று. வதந்திக்கு வேறென்ன வேண்டும்? உங்களுக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடைக்காது. ஆபத்து இல்லாத ஒரு கடத்தலுக்கு, ஆபத்து இருந்தால் எழுதுவது போலவே ஓர் அறிவிப்பு எழுதிப் பாருங்கள்: எண், அதன் போக்கு, அடுத்த தரவு வரும் தேதி, அளவுக்கேற்ற விளைவு, சன்னலை விட்டு விலகும் அந்த ஒரு வரி, பாதையில் உள்ள மொழிகளில். 2028 டிசம்பரில் ஒய்ஆர்4 மறுபடியும் பூமியின் பக்கம் வருகிறது; வரைவு அதற்கு முன்னரே தயாரானால் இன்னும் நல்லது. தமிழ்ப் பக்கத்தைத் திருத்திக் கொடுக்க நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அபாயப் பட்டியலை விடாமல் படித்துவரும் ஒரு தமிழ் வாசகர்